தோட்டம் கேள்வி – பதில்: நட்ட குச்சி ஏன் பிடிக்கவில்லை?

ஆடி பிறந்தால் போதும், யார் வீட்டில் எந்தச் செடி நன்றாகப் பூத்தாலும் “ஒரு குச்சி ஒடித்துக் கொடுங்கள்” என்று கேட்க ஆரம்பித்துவிடுவோம். ஒடித்துக் கொடுப்பவர் கையில் ராசி உண்டா, இல்லையா என்ற பேச்சும் கூடவே வரும். இந்த இதழில் குச்சி நடுவது, போத்து (தடித்த கிளைத்துண்டு) ஊன்றுவது, பதியன் போடுவது பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பக்கத்து வீட்டு ரோஜாவிலிருந்து குச்சி வாங்கி வந்து மாடியில் தொட்டியில் நட்டேன். பத்தே நாளில் துளிர் விட்டது. மூன்றாவது வாரம் துளிர் வாடியது, அப்புறம் குச்சியே காய்ந்துவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் ஒரு வேர்கூட இல்லை. துளிர்த்த குச்சி எப்படிச் சாகும்?
– வாசகி, தாம்பரம்

துளிர் வந்ததால் வேரும் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டீர்கள். குச்சி நடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏமாறும் இடம் இதுதான். குச்சிக்குள் தாய்ச்செடி சேர்த்து வைத்த மாவுச்சத்தும் தண்ணீரும் கொஞ்சம் இருக்கும். கணுவில் மொட்டு ஏற்கெனவே தயாராக இருப்பதால் அந்தக் கையிருப்பைச் சாப்பிட்டுச் சட்டென்று துளிர்த்துவிடும். வேர் அப்படியில்லை. முதலில் வெட்டுவாயில் காயம் ஆறி வெள்ளையாக ஒரு முண்டு கட்ட வேண்டும், பிறகு தண்டின் உள்ளிருந்து வேர்முனை உருவாகி வெளியே வர வேண்டும். ரோஜாவுக்கு இதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் விரிந்த இலைகள் தண்ணீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். வரவு இல்லை, செலவு மட்டும் என்றால் எத்தனை நாள் தாங்கும்?

இதைப் பார்த்துவிட்டு “வாடுகிறதே” என்று இன்னும் தண்ணீர் ஊற்றுவோம். அது அடுத்த தவறு. வேர் இல்லாத குச்சி மண்ணிலிருந்து குடிப்பது மிகக் குறைவு. மண் நசநசவென்று இருந்தால் காற்றோட்டம் போய் வெட்டுவாய் அழுகும். வேர் பிடிக்கும் வரை குச்சியைக் காப்பாற்றுவது ஈரமான காற்று, ஈரமான மண் அல்ல. கீழே வரும் பல பதில்கள் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கும்.

பூ உதிர்ந்து ஒரு வாரம் ஆன கிளையை எடுங்கள். பக்குவம் தெரிய ஒரு முள்ளைப் பக்கவாட்டில் விரலால் தள்ளிப் பாருங்கள். ‘டக்’கென்று சுத்தமாக உடைந்து வந்தால் சரியான வயது. வளைந்து கொடுத்தால் இளசு, பட்டையோடு கிழிந்து வந்தால் முற்றல். பென்சில் தடிமன், 15 செ.மீ. நீளம், நாலு கணு இருந்தால் போதும். அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக, மேல்வெட்டு கணுவுக்கு ஒரு செ.மீ. மேலே. புது பிளேடு நல்லது. மழுங்கின கத்தரி தண்டை நசுக்கும், நசுங்கின இடம் அழுகும். மேலே இரண்டு இலைகளை மட்டும் விட்டு, அவற்றிலும் பாதிச் சிற்றிலைகளைக் கிள்ளிவிடுங்கள். மொத்தமாக உருவிவிடவும் கூடாது, அந்த இலைகள் தயாரிக்கும் உணவு வேருக்குத் தேவை. அடியில் இரண்டு செ.மீ. உயரத்துக்கு இரண்டு பக்கமும் பட்டையை மெல்லியதாகச் சீவிவிட்டால் வேர் கிளம்ப இடம் கிடைக்கும்.

மண்ணில் முதலில் பென்சிலால் குழி போட்டு, அப்புறம் குச்சியை இறக்குங்கள். இரண்டு கணு உள்ளே போகட்டும். ஒரு முறை தண்ணீர் ஊற்றி நன்றாக வடிய விடுங்கள். அடி வெட்டின இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மேலே கவிழ்த்து, வெளிச்சம் வரும் ஆனால் வெயில் நேரே படாத இடத்தில் வையுங்கள். வெயிலில் வைத்தால் கண்ணாடி ஏற்றிய கார் மாதிரி உள்ளே வெந்துவிடும். பாட்டிலின் உட்புறம் காலையில் முத்து முத்தாக ஈரம் கோத்திருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். நாலு வாரம் வரை இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

இன்னொன்று. பன்னீர் ரோஜாவும் எட்வர்டு ரோஜாவும் குச்சியில் சுலபமாக வரும். பெரிய பூ பூக்கும் கலப்பின வகைகள் அநேகமாக வேறொரு ரோஜாவின் வேரில் ஒட்டுக் கட்டியவை. அவற்றின் குச்சி வேர் பிடிப்பதே அரிது, பிடித்தாலும் சொந்த வேரில் நோஞ்சானாகவே நிற்கும். பக்கத்து வீட்டுச் செடி எந்த ரகம் என்று முதலில் பாருங்கள்.

மல்லிகைக் குச்சிக்கு நல்ல மண்ணாக இருக்கட்டும் என்று செம்மண், மக்கின சாணம், மண்புழு உரம், வேப்பம் பிண்ணாக்கு எல்லாம் கலந்து வைத்தேன். பத்துக் குச்சியில் எட்டின் அடி கறுத்து அழுகிவிட்டது. எது குறைந்தது?
– வாசகர், மேலூர்

எதுவும் குறையவில்லை, எல்லாம் கூடிப்போனதுதான் கோளாறு. வேரே இல்லாத குச்சிக்கு எருவால் ஒரு பயனும் இல்லை. மக்கிக்கொண்டிருக்கும் பொருளில் பெருகும் பூஞ்சைக்கு உங்கள் வெட்டுவாய் திறந்த வாசல். பிண்ணாக்கு ஈரத்தில் சூடேறும், அது வேறு.

குண்டுமல்லி நாற்று தமிழ்நாட்டில் எங்கிருந்து போகிறது என்று பாருங்கள். ராமேசுவரம் பக்கம் தங்கச்சிமடத்துச் சுற்றுவட்டாரத்தில் குச்சி ஊன்றி வேர் பிடிக்கவைத்து, கட்டுக் கட்டாக மற்ற மாவட்டங்களுக்கு அனுப்புகிறார்கள். அங்கே இருப்பது வளமான மண் அல்ல, கடற்கரை மணல். ஊற்றின தண்ணீர் நொடியில் இறங்கிவிடும், மணல் இடுக்கில் காற்று நிற்கும். இரண்டு பக்கமும் கடல் என்பதால் காற்றில் ஈரப்பதத்துக்குக் குறைவில்லை. மேலே சொன்ன இரண்டு நிபந்தனையும் அங்கே இயற்கையாகவே அமைந்திருக்கிறது. நாம் செய்ய வேண்டியதெல்லாம் அந்த மணல்வெளியை ஒரு தொட்டிக்குள் கொண்டுவருவதுதான்.

தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு. இவ்வளவுதான் கலவை. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, பிழிந்து, புதுத் தண்ணீரில் இன்னும் இரண்டு முறை அலசுங்கள். அதில் உப்பு தங்கியிருக்கும், அலசாமல் போட்டால் இளவேர் நுனி கருகும். ஆற்று மணல் இப்போது தங்கம் மாதிரி ஆகிவிட்டதால் எம்-சாண்ட் போடுகிறவர்கள் அதிகம். போடலாம், ஆனால் அதில் உள்ள பாறைத்தூள் தண்ணீர் பட்டதும் சிமென்ட் மாதிரி இறுகும். கலங்கல் நிற்கும்வரை கழுவி, சல்லடையில் மேலே தங்குவதை மட்டும் எடுங்கள். கலவையைக் கையில் அள்ளி இறுகப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழ வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். விரலிடுக்கில் ஈரமே தெரியாவிட்டால் கொஞ்சம் தெளியுங்கள்.

மல்லிக்குப் பச்சைநிறம் மாறிப் பழுப்பேறத் தொடங்கும் கிளையில், 12 முதல் 15 செ.மீ., மூன்று நாலு கணு. பூ மொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள். நட்ட மறுநாள், அழுகலைத் தடுக்கும் நல்ல பாக்டீரியாவான சூடோமோனாஸ் தூளை லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கரைத்து ஒரு முறை ஊற்றலாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் வரும். அழுகின தொட்டியின் மண்ணையே திரும்பப் போடாதீர்கள். தொட்டியையும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே எடுங்கள்.

வேர் ஊக்கி என்று ஐ.பி.ஏ. ஒரு கிராம் வாங்கினேன். தண்ணீரில் கரையவே மாட்டேன் என்கிறது, மாவு மாதிரி மிதக்கிறது. போலிச் சரக்கா?
– வாசகர், கோயம்புத்தூர்

போலி என்று சொல்லிவிட முடியாது. இண்டோல் பியூட்டிரிக் அமிலம், அதாவது ஐ.பி.ஏ., தண்ணீரில் கரைவது அரிது, ஆல்கஹாலில் கரையும். தண்ணீரில் கரையும் பொட்டாசியம் உப்பு வடிவம் தனியாக விற்கிறார்கள், உறையில் ‘கே-ஐபிஏ’ என்று இருக்கும். உங்களிடம் இருப்பது சாதா அமிலம்.

மருந்துக்கடையிலோ மின்னணுப் பொருள் கடையிலோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். கைகழுவும் சானிடைசர் ஜெல் உதவாது, அதில் கிளிசரின் கலந்திருக்கும். சமையலறை எடைப் பொறியில் 100 மில்லிகிராம் நிறுக்க முடியாது என்பதால் சுலப வழி இது: ஒரு கிராம் பொட்டலம் முழுவதையும் 50 மி.லி. ஆல்கஹாலில் கரைத்து மூலக்கரைசலாக வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு மி.லி.யில் 20 மில்லிகிராம் இருக்கும். ஊசி இல்லாத சிரிஞ்சில் 5 மி.லி. மூலக்கரைசல் எடுத்து, 45 மி.லி. ஆல்கஹாலும் 50 மி.லி. தண்ணீரும் சேர்த்தால் 100 மி.லி. வரும். அதுதான் 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு). பாதி முற்றின மல்லி, ரோஜா, இட்லிப்பூவுக்கு இந்த அளவு. காகிதப்பூ, மாதுளை போல் கட்டை ஏறிய குச்சிக்கு 2000: மூலக்கரைசல் 10, ஆல்கஹால் 40, தண்ணீர் 50. இளந்தண்டுக்கு 500 போதும், அதற்கு மூலக்கரைசலை 2.5 மி.லி.யாகக் குறைத்து ஆல்கஹாலை 47.5 ஆக்குங்கள். அடுப்புப் பக்கம் வைத்துக் கலக்காதீர்கள், குப்பென்று பற்றும்.

குச்சியின் அடி இரண்டு செ.மீ. மட்டும், ஐந்து முதல் பத்து விநாடி. எண்ணிக்கொண்டே முக்கி எடுங்கள். இரண்டு நிமிடம் காற்றில் ஆறவிட்டு நடுங்கள். “இன்னும் கொஞ்ச நேரம் ஊறட்டும்” என்று விட்டால் ஆல்கஹாலும் ஊக்கியும் சேர்ந்து திசுவைக் கொன்றுவிடும். அடி வீங்கி, பட்டை வெடித்து, கறுப்பாகும். மேலே மொட்டும் உறங்கிப்போகும். அளவு மீறியதன் அடையாளம் அது. பலர் அதைப் பூஞ்சை என்று நினைத்து மருந்தடிக்கிறார்கள். குச்சியை முக்கி எடுத்த கரைசல் மிஞ்சினால் மூலப் பாட்டிலில் திருப்பி ஊற்றாதீர்கள், ஒரு குச்சியின் நோய் எல்லாக் குச்சிக்கும் போகும். மூலக்கரைசலுக்கு வெளிச்சம் ஆகாது. பாட்டிலை அலுமினியத் தாளில் சுற்றி, பெயரும் தேதியும் எழுதி, பிள்ளைகள் கை படாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

டால்க் தூளில் கலந்து வருவதை வாங்கினால் இத்தனை கணக்கு இல்லை. ஈரமான அடியைத் தூளில் தொட்டு, தட்டி உதறி, குழியில் நட வேண்டியதுதான். எதுவானாலும் இது சத்து அல்ல. வரக்கூடிய வேரைச் சீக்கிரமும் அதிகமாகவும் வரவைக்கும், வராத செடியில் வரவைக்காது. புதினா, கற்பூரவல்லி, ஒற்றைச் செம்பருத்தி எல்லாம் இது இல்லாமலே வரும். காசை மிச்சம் பிடியுங்கள்.

உருளைக்கிழங்கில் குச்சியைச் செருகி நட்டால் வேர் வரும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். தேன், கற்றாழை, இளநீர், பட்டைத் தூள் என்றும் சொல்கிறார்கள். எது உண்மை?
– வாசகி, திண்டுக்கல்

உருளைக்கிழங்கை மறந்துவிடுங்கள். அது மண்ணுக்குள் அழுகும், இல்லையென்றால் உங்கள் ரோஜாவுக்குப் பதில் உருளைச் செடி முளைக்கும். தேனும் பட்டைத் தூளும் கிருமியைக் கொஞ்சம் தடுக்கலாம், வேரைத் தூண்டுவதில்லை. தேன் எறும்பைத் தூண்டும். கற்றாழைச் சாறு தடவினால் கெடுதல் இல்லை, ஆனால் அளவு தெரிந்த ஊக்கிக்கு அது ஈடல்ல.

இளநீர் விஷயம் சுவாரசியமானது. அதில் செடி வளர்ச்சிப் பொருள்கள் நிஜமாகவே உண்டு, திசு வளர்ப்பு ஆய்வகங்களில் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதில் பிரதானமாக இருப்பது சைட்டோகைனின். அது தளிரைத் தூண்டுகிற பொருள். அளவு கூடினால் வேர் கிளம்புவதைத் தடுக்கவும் செய்யும். வேருக்கு முன்னால் தளிர் வந்தால் என்ன ஆகும் என்பதைத் தாம்பரம் வாசகியின் ரோஜாவில் பார்த்தோம். தவிர, இளநீரின் சர்க்கரை இரண்டாம் நாளே புளிக்கும். தாகத்துக்குக் குடித்துவிடுங்கள்.

கறிவேப்பிலைக் குச்சியை எத்தனை முறை நட்டும் வரவில்லையே?
– வாசகி, வேலூர்

கறிவேப்பிலைத் தண்டு லேசில் வேர் விடாது. அதற்கு இரண்டு நேர்வழி இருக்கும்போது குச்சியோடு ஏன் மல்லுக்கு நிற்க வேண்டும்? வளர்ந்த மரத்தைச் சுற்றிப் பக்கக் கன்றுகள் முளைத்திருக்கும். மழை பெய்து மண் இளகிய சமயம், தாய்வேரிலிருந்து சின்ன வேர்த் துண்டோடு வெட்டி எடுத்து நடுங்கள். அல்லது கறுத்துப் பழுத்த பழத்தைப் பறித்து, சதையைப் பிசைந்து கழுவி, அன்றைக்கே விதையுங்கள். காயவைத்து டப்பாவில் போட்டு வைக்கிற விதை அல்ல அது; உலர்ந்தால் முளைப்புத் திறன் போய்விடும். பழத்தை மென்று பார்க்கிற குழந்தைகள் விதையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலையிலிருந்து மிளகுக் கொடியின் கிளை ஒன்றைக் கொண்டுவந்து நட்டேன். வேர் பிடித்துவிட்டது. ஆனால் இரண்டு வருடமாகக் கம்பத்தில் ஏற மறுக்கிறது. முழங்கால் உயரத்தில் புதராக நின்று அங்கேயே காய்க்கிறது. கொடியாக்க என்ன செய்வது?
– வாசகர், பொள்ளாச்சி

கொடியாகாது. அது செடியின் குற்றமும் அல்ல, நீங்கள் எடுத்த கிளை அப்படி. மிளகில் மூன்று வகைத் தண்டு உண்டு. மரத்தைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுவது ஒன்று. கொடியின் அடியிலிருந்து கிளம்பித் தரையோடு ஓடுவது இரண்டாவது. ஏறுகொடியின் கணுக்களிலிருந்து பக்கவாட்டில் நீண்டு சரம் விடும் காய்க்கும் கிளை மூன்றாவது. எங்கிருந்து வெட்டினோம் என்பதை அந்தத் தண்டு மறப்பதில்லை. காய்க்கும் கிளையை நட்டால் ஆயுளுக்கும் காய்க்கும் கிளையாகவே இருக்கும். இதையே வேண்டுமென்று செய்து ‘புதர் மிளகு’ என்று தொட்டியில் வளர்க்கிறார்கள். மாடித் தோட்டத்துக்கு அருமையான செடி, ஆகவே பிடுங்கிவிடாதீர்கள்.

கொடி வேண்டுமென்றால் ஓடுதண்டு எடுங்கள். நன்றாகக் காய்க்கும் தாய்க்கொடியைத் தேர்ந்தெடுத்து, அதன் ஓடுதண்டுகள் மண்ணில் பட்டு வேர்விடாதபடி ஒரு குச்சி ஊன்றிச் சுருட்டிக் கட்டி வைப்பார்கள். மாசி, பங்குனியில் வெட்டி, நுனியின் இளம்பகுதியையும் அடியின் முற்றல் பகுதியையும் தள்ளிவிட்டு, நடுப்பகுதியை இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக நறுக்கி, இலைக்காம்பை மட்டும் விட்டு இலையைக் கிள்ளி நடுவார்கள். ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்க வேண்டும், வேர் கிளம்புவது அங்கேதான். வெற்றிலையும் மிளகின் சொந்தக்காரன்தான். கணுவில் பற்றுவேர் தெரியும் ஏறுகொடியில் மூன்று கணு எடுத்தால் நிழலில் ஒரு மாதத்துக்குள் பிடித்துவிடும்.

முருங்கைப் போத்து மழைக்காலத்தில் ஊன்றினால் பிடிக்கும் என்றார்கள். ஐப்பசியில் ஊன்றினேன், அழுகி நாறிவிட்டது.
– வாசகர், மயிலாடுதுறை

மழைக்காலம் என்றால் அடைமழைக்காலம் என்று எடுத்துக்கொண்டீர்கள். உங்கள் பக்கத்துக் களிமண்ணில் ஐப்பசி, கார்த்திகை என்றால் குழியில் தண்ணீர் தேங்கும். முருங்கைத் தண்டு பஞ்சு மாதிரி நீர் நிறைந்தது, அது தேங்கிய தண்ணீரில் அழுகாமல் என்ன செய்யும்? ஆடி, ஆவணியின் விட்டு விட்டுப் பெய்யும் மழையில் ஊன்றுங்கள், பூமியும் சூடாக இருக்கும். மேடாக்கி, குழியில் பாதிக்கு மணல் போடுங்கள்.

காய்ப்பு முடிந்த மரத்தில், மணிக்கட்டு கனத்துக்குக் குறையாத கிளையில் மூன்று முதல் ஐந்து அடி நீளம் வெட்டுங்கள். வெட்டினதும் ஊன்றாமல் இரண்டு மூன்று நாள் நிழலில் நிறுத்திவைத்தால் வெட்டுவாய் காய்ந்து மூடிக்கொள்ளும். எது அடி, எது நுனி என்று வெட்டும்போதே சுண்ணாம்பால் குறித்துவிடுங்கள். இலை இல்லாத கட்டையில் பிற்பாடு குழப்பம் வரும், தலைகீழாக ஊன்றினால் பிடிக்காது. வேரைத் தூண்டும் ஆக்சின் தண்டுக்குள் நுனியிலிருந்து அடியை நோக்கித்தான் இறங்கும். ஒன்றரை அடி உள்ளே போகட்டும். மேல் நுனியில் சாணமும் களிமண்ணும் குழைத்து அப்பிவைப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை, ஈரம் வெளியேறுவதையும் மழைநீர் இறங்குவதையும் அது தடுக்கிறது.

விதை போட்டு வருகிற பி.கே.எம்.-1 போன்ற செடிமுருங்கைக்கு இந்தப் பாடு தேவையில்லை. போத்து என்பது பல ஆண்டு நிற்கும் மரமுருங்கைக்கு.

மார்கழியில் சாமந்திக் கிளையின் நுனியைக் கிள்ளி நட்டேன். வேர்விடுமுன் உச்சியில் மொட்டு வைத்துவிட்டது. செடி வளரவே இல்லை.
– வாசகி, தருமபுரி

சாமந்தி இரவின் நீளத்தைக் கணக்குப் பார்க்கிற செடி. பகல் குறைந்து இரவு நீண்டால் பூக்கத் தொடங்கும். மார்கழியில் நீங்கள் கிள்ளிய நுனி ஏற்கெனவே பூக்கும் முடிவுக்கு வந்துவிட்ட நுனி. கையிருப்பு உணவையெல்லாம் மொட்டுக்குக் கொடுத்துவிட்டு வேருக்குக் கையை விரித்துவிட்டது.

பூப்பு முடிந்ததும் தை, மாசியில் செடியைத் தரையிலிருந்து நாலு விரல் விட்டு வெட்டுங்கள். அடியிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும். அவற்றைப் பிரித்து வளர்த்து, சித்திரைக்கு மேல் பகல் நீளமாக இருக்கும் நாட்களில் அவற்றின் நுனியில் 5 முதல் 7 செ.மீ. கிள்ளி நட்டால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் வந்துவிடும். தெருவிளக்கு இரவு முழுக்க மேலே விழும் இடத்தில் வைத்த சாமந்தி ஐப்பசியிலும் பூக்காமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தாய்ச்செடியைப் பூக்கவிடாமல் வைத்திருக்க அந்த இடமே சௌகரியம், பூ வேண்டிய செடியை அங்கிருந்து நகர்த்திவிடுங்கள்.

வேர் பிடித்த செம்பருத்தி, மூடியிருந்த பையை எடுத்த அன்றே தொங்கிவிட்டது. திரும்ப மூடினால் நிமிர்கிறது. இப்படியே எத்தனை நாள் மூடி வைப்பது?
– வாசகர், திருநெல்வேலி

ஈரக்காற்றிலேயே விரிந்த இலைக்கு மேல்தோலின் மெழுகுப் பூச்சு மெல்லியதாக இருக்கும். வறண்ட காற்றுக்கு அது பழகவில்லை. ஒரே நாளில் திறப்பது குளிர்சாதன அறையிலிருந்து அக்கினி நட்சத்திர வெயிலுக்குத் தள்ளுவது மாதிரி. முதல் இரண்டு நாள் பையின் ஒரு மூலையைக் கத்தரியுங்கள். பிறகு மாலை நாலு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் திறந்து மூடுங்கள், அடுத்த இரண்டு நாள் இரவு முழுக்கத் திறந்து வையுங்கள், அப்புறம் காலையிலும். பத்து நாளில் முழுதாகத் திறந்துவிடலாம். அதற்குப் பிறகும் இரண்டு வாரம் நிழல்வலை. இந்தக் கட்டத்தில்தான் கொஞ்சம் மண்புழு உரம் சேர்க்கலாம், அதற்கு முன்னால் வேண்டாம்.

தொட்டி மாற்றும்போது வேர்க்கட்டியை உதறாதீர்கள். தண்ணீர்ப் பாட்டிலில் வேர்விட வைத்த புதினா, துளசிக்கு இன்னும் கவனம் வேண்டும். தண்ணீரில் வந்த வேர் வெள்ளையாக, மளுக்கென்று ஒடியக்கூடியதாக இருக்கும். இரண்டு மூன்று செ.மீ. வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள், ஒரு சாண் ஆகட்டும் என்று காத்திருந்தால் பாதி வேர் நடும்போதே போய்விடும்.

செம்பருத்தி என்பதால் இன்னொன்று: குச்சியின் கணு இடுக்கில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. மூடின பைக்குள் அதற்குக் கொண்டாட்டம். நடும் முன்பே சோப்புக் கரைசலில் அலசிவிடுங்கள்.

ஊருக்குப் போனால் செடிக் குச்சி எடுத்து வருவோம். பத்து மணி நேரப் பயணத்தில் வாடிவிடுகிறது. வாளித் தண்ணீரில் வைத்து எடுத்து வரலாமா?
– வாசகி, சென்னை

வேண்டாம், தண்ணீர் சிந்துவதுதான் மிச்சம். விடிகாலையில் வெட்டுங்கள், அப்போது தண்டில் நீர் நிறைந்திருக்கும். இலைகளை அங்கேயே குறைத்துவிட்டு, நனைத்துப் பிழிந்த செய்தித்தாளில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். ஊரில் வாழை இருந்தால் மட்டையைப் பிளந்து அதற்குள் குச்சியை வைத்துக் கட்டுவது இன்னும் மேல். பூக்கட்டு கொண்டுபோகிறவர்கள் செய்வது அதுதான். காரின் டிக்கியிலும் பேருந்தின் எஞ்சின் மூடி மேலும் வைக்காதீர்கள். வந்து சேர்ந்ததும் அடியில் ஒரு செ.மீ. புதிதாக நறுக்கிவிட்டு நடுங்கள்.

சுருக்கமாகச் சில பதில்கள்

*அடீனியம் குச்சி, திருப்பூர்:* வெட்டுவாய் ஒரு வாரம் நிழலில் காய்ந்தபின் நட்டால் வரும். ஆனால் நீங்கள் ஆசைப்படும் அந்தப் பெருத்த அடி விதைச்செடியில் அமைவது போலக் குச்சியில் அமையாது. பால் கண்ணில் படாமல் பாருங்கள், விஷம். அரளிக்கும் அதேதான்.

*காகிதப்பூ, காரைக்குடி:* இரண்டு மாதம் பொறுங்கள். துளிர்த்ததும் இடம் மாற்றியது தவறு. அதன் வேர் நூல்போல் மெலிந்தது, அசைத்தாலே அறுந்துவிடும்.

*கொய்யா, விதையில்லா எலுமிச்சை, நாகர்கோவில்:* குச்சியைவிட விண்பதியன், அதாவது கிளை மரத்தில் இருக்கும்போதே அதில் வேர்விட வைப்பது, நல்லது. பென்சில் கனத்துக்கு மேற்பட்ட கிளையில், இரண்டரை செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுங்கள். உள்ளே வழுவழுப்பாக ஒரு பச்சைப் படலம் இருக்கும், அதைக் கத்தி முதுகால் சுரண்டியெடுக்காவிட்டால் பட்டை மறுபடி கூடிக்கொள்ளும், வேர் வராது. வளையத்தின் மேல்விளிம்பில் ஐ.பி.ஏ. தூள் தடவி, ஊறவைத்துப் பிழிந்த பாசியையோ நார்க்கழிவையோ கைப்பிடி வைத்து, பாலித்தீன் தாளால் சுற்றி இரு முனையும் காற்றுப் புகாமல் கட்டுங்கள். ஒன்றரை இரண்டு மாதத்தில் தாளுக்குள் வெள்ளை வேர் தெரியும். அது பழுப்பேறத் தொடங்கியதும் கட்டுக்குக் கீழே பாதி வெட்டு, ஒரு வாரம் கழித்து மீதி வெட்டு. நடும்போது பாலித்தீனை அவிழ்க்க மறந்துவிடாதீர்கள்.